இறக்கத்தில் மிதிப்பவள்

பசறை
21.01.2025

அன்புள்ள மச்சான்,

உங்களை எழுப்பாமல் விடியற்காலை பஸ் ஏறி வந்ததற்கு மன்னிப்புக் கேட்கிறேன். அதற்கு மட்டும்தான். மற்ற எதற்கும் இல்லை.

போனை விட்டுவிட்டுக் கடிதம் எழுதுகிறாளே என்று சிரிக்க வேண்டாம். ஆசிரியர் விடுதியில் சிக்னல் இல்லை என்று உங்களுக்குத் தெரியும். கோயிலடிப் பாறையில் ஏறி நின்று கதைத்தால் கொஞ்ச நேரத்தில் உங்கள் குரல் ஏறும், பிறகு என் குரல் ஏறும், கீழே கொழுந்து பறிக்கிற பெண்கள் கையை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்ப்பார்கள். எழுதினால் நான் சொல்லி முடிக்கும்வரை நீங்கள் குறுக்கே விழ முடியாது. அதற்காகத்தான்.

அந்த வீடியோவை லொறி ஓட்டுகிற லெட்சுமணன் அண்ணன்தான் எடுத்தார். பேஸ்புக்கில் போடுவார் என்று நினைக்கவில்லை. அது எங்கள் ஊர் கல்லடிவரை வரும் என்று கனவிலும் நினைக்கவில்லை. தேயிலை மலையில் நான் சைக்கிளில் இறங்கி வந்து, கடைசி வளைவில் தலைகீழாகச் செடிக்குள் போய் விழுவதை என் சொந்தத் தங்கை கஜானி பொங்கல் பானை கொதிக்கிற நேரம் பார்த்து உங்கள் முகத்துக்கு நேரே நீட்டினாள். அவளை நான் பிறகு கவனித்துக்கொள்கிறேன். முழங்கால் காயத்துக்குக் குளிக்கிற இடத்தில் வழுக்கினேன் என்று நான் சொன்னது பொய்தான். அது என் பிழை.

ஆனால் என் அம்மாவுக்கு முன்னால், பக்கத்து வளவு ஆட்களுக்கும் கேட்கிற மாதிரி, "இவ அங்க படிப்பிக்கப் போனாவோ, சேர்க்கஸுக்குப் போனாவோ" என்று கேட்டீர்களே, கட்டிய புருசன் கேட்கிற கேள்வியா அது? அதைக் கேட்டுக்கொண்டு அந்த வீட்டில் எனக்குப் பொங்கல் இறங்கவில்லை.

இந்த மாதத்தோடு எனக்குக் கஷ்டப் பிரதேசச் சேவை மூன்று வருடம் முடிகிறது. அதற்கு நீங்கள் சொன்னது, "கெதியா இடமாற்றத்துக்குப் போடு, இல்லாட்டி..." அதோடு எழும்பி வெளியே போய்விட்டீர்கள். அந்த இல்லாட்டிக்குப் பிறகு என்ன, மச்சான்? வாய் திறந்து சொல்லுங்கள். அதைத் தெரிந்துகொள்ளத்தான் இவ்வளவும் எழுதினேன்.

உசாந்தி

&nbsp;

கல்லடி
30.01.2025

உசாந்தி,

இல்லாட்டிக்குப் பிறகு ஒன்றும் இல்லை. கோபத்தில் வாயில் வந்தது, பிறகு என்ன சொல்வதென்று எனக்கே தெரியவில்லை, எழும்பிப் போனேன். கடற்கரைவரை போய்த் திரும்பி வந்தேன். அவ்வளவுதான் நடந்தது.

எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. போட் எஞ்சின் திருத்துகிற கைக்குப் பேனை பிடிபடுவதில்லை. ஆனால் நீ எழுதச் சொன்னால் எழுதத்தானே வேண்டும்.

நான் இங்கே எப்படி இருக்கிறேன் என்று ஒரு வரி கேட்டாயா? இது உன் வீடு. உன் அம்மா உனக்குச் சீதனமாக எழுதித் தந்த வீடு. எங்கள் ஊரில் ஆண்பிள்ளை கட்டிய பெண்ணின் வீட்டுக்குப் போய் இருப்பான், சரி. பெண் இல்லாத வீட்டில் மாப்பிள்ளைக்கு என்ன வேலை? மாமி மரியாதைக்காரி, மருமகனோடு நேரே கதைக்க மாட்டா. நீ இருந்தால் உன்னிடம் சொல்லுவா. நீ இல்லாததால் பூனையிடம் சொல்கிறா. "சோறு ஆறுது, ஆக்களுக்குப் பசிக்கல்லயாக்கும்" என்று பூனையைப் பார்த்துச் சொன்னால் நான் போய் உட்கார்ந்து சாப்பிடுகிறேன். மூன்று வருடமாக ஒரு பூனையின் தயவில் சாப்பிடுகிறேன், தெரியுமா?

செட்டிபாளையத்தில் எங்கள் அம்மா வீட்டுக்குப் போகலாம் என்றால் அது இப்போது என் தங்கச்சியின் வீடு. அவள் புருசன் நல்லரத்தினம், நான் இரண்டாவது இரவு தங்கினாலே, "என்ன அத்தான், அங்க ஏதும் பிரச்சினையா?" என்று சிரித்துக்கொண்டு கேட்கிறான். அவனுடைய வீடு, அவன் கேட்பான். எனக்கென்று ஒரு முற்றம் இல்லை, உசாந்தி. நீ இருக்கிற இடம்தான் எனக்கு இடம். நீ மலையில் இருக்கிறாய்.

அந்தச் சைக்கிளை நான் அனுப்பியது பள்ளிக்கூடம் போய் வர. கொண்டக்டர் ஜெயரூபனைக் கெஞ்சி, பின் சீற்றைக் கழற்றாத குறையாக ஏற்றி அனுப்பினேன். அதில் பின் பிரேக் இல்லை என்பது எனக்கு அப்போது நினைவில்கூட வரவில்லை. அதைக் கழற்றிப் பல வருடம். உப்புக் காற்றில் கறள் பிடித்து இறுகிக் கிடந்தது, எறிந்துவிட்டேன். இந்த ஊரில் இறக்கம் என்றால் கல்லடிப் பாலத்தால் இறங்குவதுதானே, அதற்குக் காலை ஊன்றினால் போதும். அந்தச் சைக்கிளில் நீ மலையால் குதிக்கிறாய். கீழே விழுந்தவளைச் சுற்றி நின்று ஆட்கள் சிரிக்கிறார்கள், நீயும் சிரிக்கிறாய். எனக்கு அந்தச் சிரிப்புத்தான் பொறுக்கவில்லை. இங்கே நீ அப்படிச் சிரித்து நான் கண்டதில்லை.

ஏன் இறங்குகிறாய் என்று சொல். பிறகு வந்து சேர். போன கிழமை கஜானி உன் தலையணையை எடுக்க வந்தாள். நான் கொடுக்கவில்லை.

சதீசன்

&nbsp;

பசறை
09.02.2025

அன்புள்ள மச்சான்,

பூனையின் கதையை வாசித்துவிட்டு நானும் என்னோடு விடுதியில் இருக்கிற அஜந்தா ரீச்சரும் சிரித்தோம். பிறகு அவள் தூங்கப் போனாள், நான் அழுதேன். இரண்டும் உண்மை.

ஏன் என்று கேட்டீர்கள். முதலில் எப்படி என்று சொல்கிறேன். கோயிலடியில் தொடங்குகிற பாதை தேயிலைக்கு நடுவே தொழிற்சாலைவரை இறங்குகிறது. கூடை சுமந்த பெண்கள் ஏறி இறங்கித் தேய்ந்த கற்படிகள், குறுக்கே தண்ணீர் ஓடுகிற கான்கள், ஒரு பக்கம் மலை, மறுபக்கம் ஒன்றுமே இல்லை. பள்ளிக்கூடம் மேலே. அதனால் காலையில் உங்கள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏறுவேன், பின்னேரம் தள்ளிக்கொண்டு இறங்குவேன். சுமப்பதற்கு ஒரு சைக்கிள் அனுப்பியிருக்கிறாரே மனுசன் என்று உங்களைத் திட்டாத நாள் இல்லை.

ஒரு நாள் மழை வரப்பார்த்தது. ஏறி உட்கார்ந்துவிட்டேன். சரளைக்கல் சில்லுக்கடியில் நழுவத் தொடங்கியது. கல்லடிக் கடற்கரையில் எனக்குச் சைக்கிள் பழக்கியது யார்? "மணலுக்க பிரேக்கப் புடிச்சா புதைஞ்சிருவாய், பயம் வந்தா இன்னும் மிதி புள்ள" என்று பின்னால் ஓடி வந்தது யார்? எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். பயம் வந்தது, மிதித்தேன். இன்னும் பயம் வந்தது, இன்னும் மிதித்தேன். கீழே தொழிற்சாலை ரோட்டில் வந்த லெட்சுமணன் அண்ணன் லொறியை நிறுத்திவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாராம். செடிக்குள்ளிருந்து என்னை இழுத்து எடுத்துவிட்டு அவர் கேட்டது, "ஏன் டீச்சர், எறக்கத்துல போயி யாராச்சும் மிதிப்பாங்களா? ஒங்க ஊருல இப்புடித்தானா?" எங்கள் ஊரில் இறக்கமே இல்லை என்றேன். மனுசன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவருக்கு நாற்பத்தைந்து வயது, இந்த வருடம் பேரப்பிள்ளை பிறக்கப் போகிறது, இன்னும் சைக்கிளை விடவில்லை. அவரும் தொழிற்சாலைப் பொடியன்கள் சிலரும் ஞாயிற்றுக்கிழமைகளில் இறங்குவார்கள். அன்றிலிருந்து நானும். நீங்கள் பார்த்த வீடியோ பிறகு அப்படி ஒரு ஞாயிறு எடுத்தது.

இப்போது ஏன் என்பது. வேறொன்றும் இல்லை, மச்சான். நன்றாக இருக்கிறது. இறங்கும்போது என் தலைக்குள் ஒன்றும் இருக்காது. பாடக்குறிப்பு இல்லை. எப்போது பிள்ளை என்று கேட்கிற சின்னத்தங்கம் பெரியம்மா இல்லை. கோபிக்கக் கூடாது, நீங்களும் இல்லை. அடுத்த கல் மட்டும்தான். கீழே வந்து சைக்கிளை நிறுத்துவேன். அப்போது முதலில் நினைவுக்கு வருகிற ஆள் நீங்கள். இதைச் சொல்ல வேண்டும் என்று வாய் துடிக்கும். சொன்னால் சத்தம் போடுவீர்கள் என்பதும் உடனே நினைவுக்கு வரும். அதனால் யாருக்கும் சொல்லாமல் சைக்கிளைக் கழுவிவிட்டுப் படுத்துவிடுவேன்.

எனக்குத் திறமை போதாது என்று தெரியும். சைக்கிள் இதற்கானது இல்லை என்றும் தெரியும். மார்ச் ஒன்பதாம் திகதி பண்டாரவளையிலிருந்து குலுக்கலைத் தாங்கச் சொக் வைத்த சைக்கிள்களோடு ஆட்கள் வருகிறார்கள், எல்லோரும் சேர்ந்து இறங்கப் போகிறோம். நான் உங்கள் சைக்கிளில் இறங்குவேன். நீங்கள் வந்து பார்த்தால் எனக்குச் சந்தோசம். வந்து கீழே நில்லுங்கள். அதைவிட வேறு ஒன்றும் கேட்கவில்லை.

உசாந்தி

&nbsp;

கல்லடி
22.02.2025

உசாந்தி,

நான் வரமாட்டேன். நீ விழுவதைப் பார்க்க நான் பஸ் ஏறி வர வேண்டுமா?

நான் இதற்குச் சம்மதிக்கவில்லை. அதைத் தெளிவாக எழுதி வைக்கிறேன், பிறகு சதீசன் பேசாமல் இருந்தான், அவனுக்கும் விருப்பம்தான் என்று நீ சொல்லக் கூடாது. எனக்கு விருப்பம் இல்லை.

ஜெயரூபனிடம் ஒரு பெட்டி கொடுத்து அனுப்பியிருக்கிறேன். பசறைச் சந்தியில் வாங்கிக்கொள். மேலே இருப்பது கூனி இறால், மாமி வறுத்துத் தந்தா, "தின்னுற ஆக்கள் மெலிஞ்சு போயிற்றாங்களாக்கும்" என்று பூனையிடம் சொல்லிக்கொண்டே கட்டினா. அதற்குக் கீழே என் மோட்டார்சைக்கிள் ஹெல்மட். உனக்குப் பெரிதாக இருக்கும், உள்ளே துணி வைத்துத் தைத்திருக்கிறேன். அடியில் பின் பிரேக் ஒரு செற், கம்பி, கட்டை, நட்டு எல்லாம் புதிது. எப்படிப் பூட்டுவது என்று படம் கீறி வைத்திருக்கிறேன். அந்த லெட்சுமணன் அண்ணனிடம் கொடு, நீ தொடாதே. இதெல்லாம் சம்மதம் இல்லை. சம்மதிக்கவில்லை என்பதற்காக உன் தலையை உடைய விடலாமா?

நீ இறங்கும்போது உன் தலைக்குள் நான் இல்லை என்று எழுதியிருந்தாய். அதை நான் நாலைந்து தரம் வாசித்தேன். எனக்குக் கோபம் வரவில்லை, வேறு என்னவோ வந்தது. எனக்கு அப்படி ஒரு நேரமும் கிடைப்பதில்லை, உசாந்தி. எஞ்சினுக்குள் கையை விட்டுக்கொண்டிருக்கும்போதும் நீ இருக்கிறாய். வாவியில் போட்டை ஓட்டிப் பார்க்கும்போதும் முன்னால் நீ குந்தியிருக்கிறாய். தோணிக்காரர் கையைக் காட்டினால் பதிலுக்குக் காட்ட மறந்து போகிறேன். பெருமைக்காரன் ஆகிவிட்டான் என்று பேசுகிறார்களாம்.

இடமாற்றம் பற்றி ஒரு வரியும் நீ எழுதவில்லை. நானும் இந்தக் கடிதத்தில் கேட்கவில்லை. இறங்கி முடிந்ததும் அந்தப் பாறையில் ஏறி எனக்குப் போன் எடு. கதைக்க வேண்டாம். ஓம் என்று மட்டும் சொல்.

சதீசன்

&nbsp;

பசறை
23.03.2025

அன்புள்ள மச்சான்,

இடது கையால் எழுதுகிறேன். எழுத்து மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் எழுத்துப் போல இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் போன பிறகு விடுதி என்னவோ மாதிரிக் கிடக்கிறது. அந்தக் கிழமை முழுவதும் சோற்றுக்கு நீங்கள் வைத்த ஆணத்தில் உப்புக் கூடிப்போயிற்று என்று குறை சொல்லிச் சொல்லித்தான் தின்றேன். நேற்று அஜந்தா நல்ல உப்பில் வைத்துத் தந்தாள், ஒரு பிடிக்கு மேல் இறங்கவில்லை. என் தலையைச் சாய்த்துப் பிடித்துத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டீர்களே, அதை வேலிக்கு மேலால் பார்த்த பெண்கள் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள். "நல்ல மாப்புள்ளைங்க டீச்சர்" என்கிறார்கள். எனக்குத் தெரியாதா?

ஆஸ்பத்திரியில் வைத்து நீங்கள் எதையும் கேட்கவில்லை, அதனால் சொல்லவும் முடியவில்லை. இப்போது சொல்கிறேன். பின் பிரேக் நன்றாகப் பிடித்தது. ஹெல்மட்டும் அசையவில்லை. பாதி வழிவரை நான் மிதிக்கவே இல்லை, லெட்சுமணன் அண்ணன் சொல்லித் தந்தபடி உடம்பைப் பின்னால் போட்டு, இரண்டு பிரேக்கையும் விட்டுவிட்டுப் பிடித்து அழகாக இறங்கினேன். கற்படியில் வைத்துத்தான் முன் சில்லைப் பிடிக்கிற கவை முறிந்தது. பிறகு பார்த்தால் உள்ளே முழுவதும் கறள். வெளியே பெயின்ற் பளபளவென்று இருந்தது, உள்ளே வாவி உப்பு எல்லாவற்றையும் தின்று முடித்திருந்தது. யாராலும் கண்டுபிடித்திருக்க முடியாது, உங்களாலும் முடியாது. அந்தக் கவையைக் கையில் வைத்துக்கொண்டு முற்றத்தில் நீங்கள் குந்தியிருந்ததை யன்னலால் பார்த்தேன். உங்களை நீங்களே தின்ன வேண்டாம். காறை எலும்புதானே, பொருந்திவிடும்.

அஜந்தா போன் எடுத்த நேரம் அம்மா உங்களோடு நேரே கதைத்தாவாம். "மருமகன், ஒழும்புங்க, பஸ்ஸப் புடியுங்க" என்று உங்கள் முகத்தைப் பார்த்துச் சொன்னாவாம். கஜானி அதை ஒரு அதிசயம் போலச் சொன்னாள்.

கடைசிப் பின்னேரம் கேட்டீர்களே, "கை சரி வந்தா, மறுகா ஏறுவியா?" என்று. பொய் சொல்லியிருக்கலாம். என் தலையை மடியில் வைத்துக்கொண்டு கேட்கிற ஆளுக்குப் பொய் சொல்ல எனக்கு வரவில்லை. ஓம் என்றேன். காலையில் எனக்குத் தேத்தண்ணி ஊற்றி வைத்துவிட்டு, நீங்கள் குடிக்காமல் போனீர்கள். நான் எழும்பிப் பார்க்கும்போது பஸ்ஸும் போய்விட்டது.

இடமாற்ற விண்ணப்பம் மேசையில் கிடக்கிறது. கல்லடிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் இடம் இருக்கிறதாம், இந்த முறை போட்டால் கிடைக்கும் என்று எங்கள் பள்ளிக்கூட அதிபர் சொல்கிறார். கையெழுத்து வைக்க வலது கை வராது சேர் என்று சொல்லிச் சமாளித்திருக்கிறேன். அது சாட்டு என்று அவருக்கும் தெரியும்.

ஏதாவது எழுதுங்கள். கோபமாகவேனும்.

உசாந்தி

&nbsp;

பசறை
30.04.2025

அன்புள்ள மச்சான்,

பதில் வரவில்லை. வருடப் பிறப்புக்குப் பாறையில் ஏறிப் போன் எடுத்தேன். கஜானிதான் எடுத்தாள். நீங்கள் வாவிக்குப் போய்விட்டீர்கள் என்றாள். பின்னால் உங்கள் இருமல் கேட்டது.

அஜந்தா இடமாற்றம் கிடைத்துச் செங்கலடிக்குப் போய்விட்டாள். விடுதியில் இப்போது நான் மட்டும்தான்.

ஒளிக்காமல் சொல்கிறேன். விண்ணப்பத்துக்குத் திகதி முடிந்தது. நான் போடவில்லை. இன்னும் ஒரு வருடம் இங்கேயே இருக்கிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். பிள்ளைகளின் படிப்புக்காக என்று ஊருக்குச் சொல்லலாம், அம்மாவுக்கும் அப்படித்தான் சொன்னேன். உங்களுக்குச் சொல்ல மாட்டேன். எனக்காகத்தான். கை கழுத்தில் கட்டித் தொங்குகிறபோதே நான் அந்தப் பாதையை ஒவ்வொரு நாளும் நடந்து இறங்கி, அந்தக் கற்படியில் எங்கே உடம்பைத் திருப்பியிருக்க வேண்டும் என்று பார்த்துக்கொண்டு நிற்கிறேன். இப்படி ஒன்றில் எனக்கு ஆசை வந்தது வாழ்க்கையில் இதுதான் முதல் தரம். படிக்கச் சொன்னார்கள், படித்தேன். கட்டச் சொன்னார்கள், கட்டினேன். கட்டியது நல்ல ஆளை என்பது என் அதிர்ஷ்டம், என் கெட்டித்தனம் இல்லை.

ஆனால் மச்சான், இங்கே எனக்கு இன்னொன்றும் நடக்கிறது. பின்னேரத்தில் விடுதிக் கதவைத் திறக்கும்போது உள்ளே நீங்கள் இருப்பீர்கள் என்று ஒரு கணம் நினைத்துவிடுகிறேன். நீங்கள் இருந்தது ஒரு கிழமைதானே. மூன்று வருடம் தனியாகத் திறந்த கதவு, இப்போது திறக்கவே பிடிக்கவில்லை. இரண்டும் வேண்டும் என்று கேட்கிறேன். அது நியாயம் இல்லை, தெரியும். எதை விடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

நீங்கள் அந்த இல்லாட்டிக்குப் பிறகு இருக்கிறதை இப்போது சொல்வதென்றால் சொல்லலாம். நான் குறுக்கே விழ மாட்டேன்.

உசாந்தி

&nbsp;

கல்லடி
12.06.2025

உசாந்தி,

இதை இன்றைக்குத் தபாலில் போடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை ஜெயரூபனின் பஸ்ஸில் நானே வருகிறேன். எப்படிப் பார்த்தாலும் கடிதத்துக்கு முன்னால் நான் வந்துவிடுவேன். இது உன் கைக்கு வரும்போது நான் உன் பக்கத்திலேயே இருப்பேன். அதனால்தான் எழுதுகிறேன். முகத்தைப் பார்த்து என்னால் சொல்ல முடியாது. வாசித்துவிட்டு என்னிடம் ஒன்றும் கேட்காதே. மடித்து வைத்துவிட்டுச் சோற்றைப் போடு.

இருமியது நான்தான். போனை எடுத்தால் வா என்று கெஞ்சிவிடுவேன் என்று பயந்துதான் எடுக்கவில்லை. நான் கெஞ்சினால் நீ வந்துவிடுவாய். வந்து, அந்தப் பழைய முகத்தோடு இந்த முற்றத்தைக் கூட்டிக்கொண்டு இருப்பாய். மூன்று மாதமாக யோசித்தேன். அந்த முகம் எனக்கு வேண்டாம்.

உனக்குச் சொல்லாத ஒன்று இருக்கிறது. நான் தேத்தண்ணி குடிக்காமல் போன அன்று பஸ்ஸுக்கு நேரே போகவில்லை. லெட்சுமணன் அண்ணனின் சைக்கிளைக் கேட்டு வாங்கிக்கொண்டு கோயிலடிக்குப் போனேன். நீ கண்டதை நானும் ஒருதரம் கண்டுவிட வேண்டும் என்று நினைத்தேன். முதல் வளைவுவரைதான் போனேன். இறங்கி, சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்து வந்தேன். உனக்கு அங்கே கிடைப்பது எனக்குக் கிடைக்கவில்லை, உசாந்தி. எனக்குப் பயம் மட்டும்தான் கிடைத்தது. இப்போதும் விளங்கவில்லை, இனியும் விளங்காது. ஆனால் அங்கே உனக்கு ஏதோ இருக்கிறது என்பதை ஒத்துக்கொள்கிறேன். நீ பொய் சொல்லாமல் ஓம் என்றாயே, அதிலேயே தெரிந்தது.

அம்மன் சடங்கு முடியட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நேற்றுச் செட்டிபாளையத்தில் எல்லோருக்கும் முன்னால் நல்லரத்தினம் கேட்டான், "அத்தான் பொஞ்சாதிக்குப் பின்னால மலைக்கு ஏறப் போறாராமே, ஆம்பிள செய்யுற வேலையா?" என்று. நான் அவனிடம் கேட்டேன், "நீ இந்த வீட்டுக்கு எப்படி வந்தாய் தம்பி?" என்று. அவன் பொண்டாட்டி இருக்கிற இடத்துக்கு அவன் வந்தான். அவன் தகப்பன் வந்தார், என் தகப்பன் வந்தார். எங்கள் ஊரில் பெண் இருக்கிற இடத்துக்கு ஆண் போவதுதானே முறை. நான்தான் பெண்ணை விட்டுவிட்டு மூன்று வருடமாகச் சுவரையும் கூரையையும் காவல் காத்துக்கொண்டு கிடந்தேன். முறை தவறி நடந்தது நான், இப்போது திருந்துகிறேன். சடங்குக்கு வந்திருந்த மாமி என்னைப் பார்த்து, "வீடு எங்கயும் போகாது மருமகன், நீங்க போங்க" என்றா.

பசறையில் ஒரு கராஜ்காரரிடம் லெட்சுமணன் அண்ணன் எனக்காகக் கதைத்திருக்கிறார். ஓட்டோவும் புல்லு வெட்டுகிற மெசினும் திருத்த வேண்டுமாம். எஞ்சின் எஞ்சின்தானே. தண்ணீர் இல்லாத ஊரில் எப்படி இருப்பேன் என்று தெரியவில்லை. உன்னோடு அங்கே இருந்த கிழமை, காலையில் எழும்பியதும் கால் தன்பாட்டில் விடுதியின் பின்பக்கம் போகும். போய்ப் பார்த்தால் அங்கே வாவி இல்லை, தேயிலை நிற்கும். இன்று காலை வாவிக்கரையில் நெடுநேரம் இருந்துவிட்டு வந்தேன். அழுகை வந்தது, அதை உனக்கு ஒளிக்கவில்லை. ஆனால் உன்னை நினைத்து இங்கே அழுததைவிட இதை நினைத்து அங்கே அழுவது பரவாயில்லை. அங்கே அழுதால் கேட்க ஆள் இருக்கும்.

ஒன்றை மட்டும் இப்போதே சொல்லி வைக்கிறேன். நான் பார்க்க வரமாட்டேன். நீ இறங்குகிற நாளில் கீழே வந்து நில்லுங்கள் என்று என்னைக் கேட்காதே. என்னால் முடியாது. நீ சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மேலே போனதும் நான் விடுதிக் கதவைச் சாத்திப்போட்டு உள்ளே இருப்பேன். உலை வைப்பேன், வெங்காயம் உரிப்பேன், உன்னை வாய்க்கு வந்தபடி ஏசிக்கொண்டிருப்பேன். நீ இறங்கி முடித்துவிட்டு, இரத்தம் வந்தால் வந்தபடி, சேறு பூசினால் பூசியபடி வந்து கதவைத் தட்டு. நான் திறப்பேன்.

சதீசன்